யாருடைய கோஷ்டி?

கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மாள் கடிதம் எழுதியிருக்கிறார். 2025-ம் வருஷத்து ஐ.பி.எல். பந்தயத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் கோஷ்டி பத்துக் கோஷ்டிகளில் பத்தாவதாக நின்றபோது, அவர் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். "வாரந்தோறும் விளையாட்டைப் பற்றி எழுதும் தாங்கள், நம் கோஷ்டிக்கு வந்த கதியைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லையே, ஏன்?" என்று கேட்டிருக்கிறார்.

பிள்ளைகள் பட்டினி கிடந்ததை நான் பரிகாசம் செய்யப் போவதில்லை. விளையாட்டில் மனத்தைக் கொடுத்தவனுக்குத்தான் அந்தப் பட்டினியின் ருசி தெரியும். ஆனால் கடிதத்தில் 'நம் கோஷ்டி' என்று ஒரு சொற்றொடர் இருக்கிறதல்லவா? அதைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை. எனக்கும் ஒரு 'நம் கோஷ்டி' உண்டு. அது தோற்றால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் சோறு இறங்காமல் போவதில்லை. ஜயித்தாலும் ஒருவரும் வெடி கொளுத்துவதில்லை. அது தமிழ் நாட்டின் ரஞ்சிக் கோஷ்டி.

இரண்டும் கிரிக்கெட்தானே, என்ன வித்தியாசம் என்று சிலர் கேட்கலாம். கிரிக்கெட் அறியாத நேயர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐ.பி.எல். என்பது முதலாளிகள் பல தேசத்து ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்து, மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக நடத்தும் விளக்கு வெளிச்சத்து ஆட்டம். ரஞ்சிக் கோப்பை என்பது மாகாணத்துக்கு மாகாணம், அந்தந்த மாகாணத்துப் பிள்ளைகள் வெயிலில் நான்கு நாள், முடிவு ஆட்டமானால் ஐந்து நாள் ஆடும் ஆட்டம். முன்னதில் பணம் இருக்கிறது, வாணவேடிக்கை இருக்கிறது. பின்னதில் கடலை விற்கிறவர் கூட வருவதில்லை. வந்தால் வாங்குவதற்கு ஆள் வேண்டுமே!

இந்தக் கோப்பைக்கும் நமக்கும் உள்ள பந்துத்வம் சாமானியமானதல்ல. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் பம்பாயில் நடக்கவில்லை, கல்கத்தாவிலும் நடக்கவில்லை. 1934-ம் வருஷம் நவம்பர் மாதம் 4-ந் தேதி நம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. சென்னையும் மைசூரும் மோதின. முதல் பந்தைப் போட்டவர் செங்கற்பட்டு ஜில்லாவில் மொறப்பாக்கம் கிராமத்தில் பிறந்த எம். ஜே. கோபாலன். மைசூர் 48 ரன்னில் ஆட்டம் இழந்தது. சென்னை 130 எடுத்தது. மைசூர் மறுபடியும் ஆடி 59-ல் முடிந்தது. பொழுது சாய்வதற்குள் எல்லாம் தீர்ந்து போயிற்று! ஏ. ஜி. ராம் சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இன்னிங்ஸும் 23 ரன்னும் மிச்சம் வைத்து, ஒரே பகலில் ஜயம். இப்படி ஆரம்பித்த கோஷ்டி எங்கே போய் நிற்க வேண்டும்?

எங்கே நிற்கிறது என்பதைக் கேளுங்கள். அன்று ஒரே பகலில் நாம் சுருட்டிய மைசூர், கர்நாடகம் என்று பெயர் மாற்றிக் கொண்டு 2015-க்குள் எட்டுத் தடவை கோப்பையைக் கொண்டு போய்விட்டது. பம்பாயைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2024-ல் அவர்கள் எடுத்தது 42-வது கோப்பை. நாம் முடிவு ஆட்டம் வரையில் பன்னிரண்டு தடவை போனோம். ஜயித்தது இரண்டே தடவை. 1955-ல் ஒன்று, 1988-ல் ஒன்று. மற்றப் பத்துத் தடவையும் எதிர்க் கட்சிக்காரர்கள் கோப்பையைத் தூக்கிக் கொண்டு போட்டோவுக்கு நிற்பதைப் பார்த்துக் கை தட்டிவிட்டு வந்தோம். கை தட்டுவதில் மட்டும் நம்மை மிஞ்சுகிறவர் கிடையாது. 1999 ஜனவரியில் பாகிஸ்தான் கோஷ்டி சேப்பாக்கத்தில் 12 ரன் வித்தியாசத்தில் இந்தியாவைத் தோற்கடித்தபோது மைதானம் முழுவதும் எழுந்து நின்று அவர்களுக்குக் கரகோஷம் செய்ததே! அதைப் பற்றி உலகம் இன்னும் பேசுகிறது. நானும் பெருமைப்படுகிறேன். ஆயினும் விருந்தாளிக்கு இலை போடுவதற்கென்றே ஒரு வீடு பிறவி எடுக்க வேண்டுமா என்று சில சமயம் தோன்றுகிறது.

முதல் ஜயத்தின் கதை நன்றாயிருக்கும். 1955-ல் முடிவு ஆட்டம் இந்தூரில். எதிரே ஹோல்கார் கோஷ்டி. 1945-க்குப் பிறகு அதுவரை நான்கு தடவை கோப்பையை எடுத்திருந்த மகா பலசாலிகள்; அதுவும் அவர்களுடைய சொந்த ஊரில். அந்த ஊருக்குப் போய், அவர்கள் மைதானத்தில், 46 ரன் வித்தியாசத்தில் சென்னை ஜயித்தது. ராம் சிங் சொன்னேனே, அவருடைய புதல்வர் கிருபால் சிங் அந்த வருஷத்து வெற்றியின் தூண். கோபிநாத் இருந்தார், 1952-ல் இதே சேப்பாக்கத்தில் இந்தியா முதன்முதலாக டெஸ்ட் ஆட்டத்தில் ஜயித்தபோது ஆடியவர் அவர். அதற்கப்புறம் 33 வருஷம் வனவாஸம். 1988-ல் எஸ். வாசுதேவன் காப்டனாக இருந்து, சேப்பாக்கத்தில் ரயில்வே கோஷ்டியை இன்னிங்ஸும் 144 ரன்னும் வித்தியாசத்தில் தோற்கடித்தார். நாம் எடுத்தது 709 ரன். அப்போது எனக்குப் பால் பல் விழுந்து கொண்டிருந்த பிராயம். விவரம் தெரிந்து நான் பார்த்ததெல்லாம் தோல்வி முகம்தான்.

தோல்விகளில் சிறந்தது எது என்று ரஸிகர்களுக்குள் விவாதம் நடப்பதுண்டு. தோல்வியில் சிறப்பா என்று கேட்காதீர்கள். வேறு சொத்து இல்லாதவன் இருப்பதைத்தானே எண்ணிப் பார்க்க வேண்டும்? என் ஓட்டு 1973-க்கு. நான் பிறப்பதற்கு முன்பு நடந்ததாயிருந்தாலும், கேட்டுக் கேட்டு அந்த மைதானத்துப் புழுதி என் சட்டையில் படிந்துவிட்டது. பம்பாய் அதற்கு முந்திப் பதினான்கு வருஷமாக விடாமல் கோப்பையை வைத்திருந்தது. அந்த வருஷம் முடிவு ஆட்டம் சேப்பாக்கத்தில். நம்மிடமோ வெங்கட்ராகவனும் வி. வி. குமாரும் இருந்தார்கள். பந்தைச் சுழற்றிப் போடுவதில் அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட ஜோடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சுழல் பந்துக்குச் சாதகமாக மைதானமும் இருந்தது. பம்பாய் 151 ரன்னில் அடங்கிற்று. ஊரே குதூகலித்தது.

ஆனால் மைதானத்துக்கு உற்றார் உறவினர் என்ற பேதம் உண்டா? நம் பந்துக்குச் சுழன்ற மண் அவர்கள் பந்துக்கும் சுழன்றது. பத்மாகர் சிவால்கர் என்ற இடது கைப் பந்து வீச்சாளர் 16 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார். நாம் 80. அவர்கள் மறுபடி ஆடி 113. நாம் மறுபடி ஆடி 61. இந்தத் தடவை சிவால்கருக்கு 18 ரன்னுக்கு 5 விக்கெட். ஐந்து நாள் ஆட்டம் மூன்றாவது நாள் முதல் பந்தில் முடிந்தது. அந்த ஒரு பந்தைப் பார்ப்பதற்காகக் காலையில் குளித்துச் சாப்பிட்டு டிராம் காலத்து நினைப்பில் நடந்தே வந்து சேர்ந்த பெரியவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களை நினைத்தால்தான் எனக்கு மனம் கஷ்டப்படுகிறது. அந்தச் சிவால்கர் கடைசி வரையில் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் ஆட்டம் கூட ஆடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025-ல் அவர் காலமானபோது சென்னையிலும் சில பேர் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

1996, 2004 இரண்டிலும் முடிவு ஆட்டம் சேப்பாக்கத்திலேயே நடந்து, கர்நாடகத்திடமும் மும்பையிடமும் முதல் இன்னிங்ஸ் கணக்கில் தோற்றோம். ஆட்டம் முடிவு பெறாமல் போனால், முதல் இன்னிங்ஸில் அதிக ரன் எடுத்தவர்களுக்குக் கோப்பை என்பது விதி. 2012 ஜனவரியில் ராஜஸ்தான் கோஷ்டி அந்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டது. சேப்பாக்கத்தில் டேரா அடித்தது போல் ஆடி 621 ரன் எடுத்தார்கள். வினீத் ஸக்ஸேனா என்பவர் மட்டும் 257. அதற்கு அவருக்கு ஏறத்தாழப் பதினைந்து மணி நேரம் பிடித்தது. ஸ்வாரஸ்யமான ஆட்டம் என்று சொல்ல முடியாது. எனக்குக் கோபமாகத்தான் வந்தது. ஆனால் அந்த மனிதர் மீது அல்ல. பதினைந்து மணி நேரம் ஒருவர் நின்ற இடத்தில் நிற்பதற்கு எவ்வளவு மனோ உறுதி வேண்டும்! அந்த உறுதி நம்மவர்களிடம் அன்று காணப்படவில்லையே என்றுதான் கோபம். 2015-ல் மும்பையில் நடந்த முடிவு ஆட்டத்தில் நாம் முதல் நாளே 134-ல் அவிந்தோம். கர்நாடகத்தின் கருண் நாயர் ஒருவரே 328 எடுத்தார். அவர் பிற்பாடு விதர்ப்பத்துக்குப் போனார். 2025-ல் கால் முடிவு ஆட்டத்தில் நாகபுரியில் விதர்ப்பம் நம்மை 198 ரன்னில் தோற்கடித்தபோது சதம் அடித்தவர் யார் என்கிறீர்கள்? அதே கருண் நாயர்தான். சில பேருக்குச் சில கிரகம், நமக்கு இவர்.

இவற்றையெல்லாம் ஜாதகத்தின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். முன்னுதாரணம் கூட இருக்கிறது. மேலே சொன்ன கோபாலன் ஹாக்கியிலும் நிபுணர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கிக்குப் போவதா, இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் ஆடப் போவதா என்ற கேள்வி வந்தது. கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கிக் கோஷ்டி தங்கப் பதக்கத்தோடு திரும்பியது. இங்கிலாந்தில் கோபாலனுக்கு ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் இடம் கிடைக்கவில்லை! ஆனாலும் ஜாதகத்தைக் குறை சொல்வது ரஸிகனுக்கு அழகல்ல. காரணங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன.

நாம் சுழல் பந்துக்கு அடிமைப்பட்டவர்கள். சென்னை மண் அப்படி. பையன் பத்து வயதில் பந்தைக் கையில் எடுத்தால் சுழற்றத்தான் கற்றுக் கொடுக்கிறோம். சித்திரை வெயிலில் வேகமாக ஓடி வந்து பந்து போடுவதற்கு யாருக்கு மனம் வரும்? விளைவு என்னவென்றால், புல் வளர்ந்த மைதானத்தில் நம்மவர்கள் பந்தும் எடுபடுவதில்லை, மட்டையும் எடுபடுவதில்லை. இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். வேகப் பந்து கற்பிப்பதற்கென்றே 1987-ல் எம்.ஆர்.எப். நிறுவனத்தார் ஒரு கலாசாலை ஏற்படுத்தினார்கள். ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி நேரே வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார். கர்நாடகத்திலிருந்து ஸ்ரீநாத் வந்து கற்றார். மும்பைக்கு ஆடிய ஜாஹீர் கான் வந்து கற்றார். அந்தக் கலாசாலை எந்த ஊரில் இருக்கிறது? சென்னையில்! கோயில் வாசலில் குடியிருக்கிறவனுக்குத் தரிசனம் தவறிப் போவது போல், பாலாஜியையும் இன்னும் சிலரையும் தவிர, நமக்கு அதனால் கிடைத்த பலன் சொல்பமே.

2024 மார்ச் மாதத்தில் இந்தக் குறை சந்தி சிரித்தது. அதற்கு ஒரு வாரம் முந்தி நல்ல செய்தியும் வந்திருந்தது. கோயம்புத்தூரில் கால் முடிவு ஆட்டம். முந்திய வருஷம் கோப்பையை எடுத்த சௌராஷ்டிரத்தை இன்னிங்ஸும் 33 ரன்னும் வித்தியாசத்தில் நம்மவர்கள் புரட்டி எடுத்தார்கள். காப்டன் சாய் கிஷோர் ஒன்பது விக்கெட் எடுத்ததோடு, 60 ரன்னும் அடித்தார். ஏழு வருஷத்துக்குப் பிறகு அரை முடிவு ஆட்டம்! நான் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கணித ஆசிரியர் ஒருவர் மாத்திரம் நிமிர்ந்து பார்த்து, "ரஞ்சி இன்னும் நடக்கிறதா, ஸார்?" என்று கேட்டார்.

அரை முடிவு ஆட்டம் மும்பையில். பச்சைப் புல் மைதானம். 'டாஸ்' நமக்கு விழுந்தது. காப்டன் முதலில் மட்டை பிடிக்கத் தீர்மானித்தார். முதல் நாளே 146-க்கு எல்லோரும் ஆட்டம் இழந்தார்கள். மும்பை 378, அதில் ஒரு சமயம் அவர்களும் தடுமாறத்தான் செய்தார்கள், பின்வரிசையில் வந்த சார்துல் தாகுர் சதம் அடித்து நம் பிடியை விடுவித்துவிட்டார். நாம் மறுபடி ஆடி 162. மூன்று நாளில் காரியம் முடிந்தது. தோல்வியை விடத் துன்பம் தந்தது அதற்கப்புறம் நடந்ததுதான். கோஷ்டியின் பயிற்சியாளரே, முதல் நாள் காலையிலேயே ஆட்டத்தைத் தோற்றுவிட்டோம் என்று சொல்லி, காப்டனுடைய தீர்மானத்தைப் பகிரங்கமாகக் குறை கூறினார். தினேஷ் கார்த்திக் போன்றவர்கள் காப்டனுக்காகப் பரிந்து பேசினார்கள். அவர்கள் பேசியதுதான் நியாயம் என்பது என் அபிப்பிராயம். டாஸில் பிழை இருக்கலாம், இருக்கட்டும். ஏழு வருஷமாக எட்டாத இடத்துக்குக் கோஷ்டியைக் கொண்டு வந்த வாலிபனைச் சபையில் நிறுத்தி வைத்துத் தண்டிப்பதா? வகுப்பில் பிள்ளைகள் தவறு செய்தால் நான் தனியாகத்தான் கூப்பிட்டுச் சொல்கிறேன்.

குட்டையான ஆட்டங்களில் நாம் இளைத்தவர்கள் அல்ல. இருபது ஓவர் ஆட்டத்தில் ஸையத் முஷ்டாக் அலி கோப்பையை 2021-ல் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை எடுத்தோம். இரண்டாவது தடவை கர்நாடகத்துக்கு எதிரே கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டியிருக்க, ஷாருக் கான் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார். ஐம்பது ஓவர் ஆட்டத்தில் 2022-ல் ஜகதீசன் ஒருவரே 277 ரன் எடுத்தார். அதெல்லாம் சந்தோஷந்தான். ஆனால் சந்தோஷம் ஒரு வேளைக்குத்தான் காணுகிறது. நாலு நாள் நின்று ஆடும் ஆட்டத்தில்தான் ஒரு ஊரின் பொறுமையும் புத்தியும் வெளிப்படுகின்றன என்று நினைக்கிறவன் நான். விதர்ப்பம் மூன்று தடவையும், சௌராஷ்டிரம் இரண்டு தடவையும், குஜராத்தும் மத்தியப் பிரதேசமும் ஒவ்வொரு தடவையும் 2017-க்கும் 2025-க்கும் இடையில் இந்தக் கோப்பையை எடுத்திருக்கின்றன. இவற்றில் நம்மை விடச் சின்ன ஊர்களும் உண்டு. ஆகையால் திறமை இல்லை, பணம் இல்லை என்ற சமாதானம் இங்கே செல்லாது.

இனி மஞ்சள் சட்டை விஷயத்துக்கு வருகிறேன். கும்பகோணத்து அம்மாள் கோபித்துக் கொள்ளக் கூடாது.

2023 மே மாதத்தில் ஆமதாபாத்தில் ஐ.பி.எல். முடிவு ஆட்டம் நடந்தது. சென்னையும் குஜராத்தும் மோதின. மழை வந்து, நள்ளிரவு தாண்டி, கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு ஆறும் ஒரு நாலும் அடித்துச் சென்னைக்கு ஐந்தாவது கோப்பையை வாங்கிக் கொடுத்தார். தமிழ் நாடே கூத்தாடிற்று. ஆனால் அன்றைய ஆட்டத்தில் குஜராத்துக்காக 47 பந்தில் 96 ரன் அடித்துச் சென்னைக்காரர்களின் வயிற்றில் புளியைக் கரைத்த வாலிபர் யார்? சாய் சுதர்சன், சென்னைப் பிள்ளை, தமிழ் நாட்டு ரஞ்சிக் கோஷ்டியின் ஆட்டக்காரர். மஞ்சள் சட்டைக்காரர்கள் பக்கத்திலோ தமிழ் நாட்டுக்காக ஆடுகிறவர் ஒருவர் கூட அன்று களத்தில் இல்லை. சுதர்சன் ஒவ்வொரு பந்தை அடித்தபோதும் இங்கே லக்ஷக் கணக்கான வீடுகளில் அவர் ஆட்டம் இழக்க வேண்டும் என்று பிரார்த்தித்துக் கொண்டிருந்தோம். நான் எந்தப் பக்கம் கை தட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் என்னைத் துரோகி என்றார்கள்.

வெளியூர்க்காரர்களை நேசிக்கக் கூடாது என்பது என் வாதமல்ல. அப்படிச் சொன்னால் ராம் சிங்கின் ஆத்மா என்னை மன்னிக்காது. ஸீக்கிய குடும்பம், ஆனால் தந்தையும் பிள்ளைகளுமாகச் சென்னைக்கே ஆடி, சென்னையின் கிரிக்கெட்டோடு பிரிக்க முடியாதபடி கலந்து போனார்கள். ராஞ்சியிலிருந்து வந்த தோனியைத் 'தல' என்று ஜனங்கள் கொண்டாடுவதும் பொய்யான அன்பு அல்ல. அது இருக்கட்டும். ஒரு வீட்டில் விருந்தாளியைக் கொண்டாடிக் கொண்டே, சொந்தப் பிள்ளை தேறினானா தவறினானா என்று கேட்காமல் இருந்தால் அதை என்னவென்று சொல்வது? எட்டாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளிடம் தமிழ் நாட்டு ரஞ்சிக் காப்டன் யார் என்று ஒரு நாள் கேட்டேன். நிசப்தம். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "தோனி, ஸார்" என்றான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. விடை சரியாக இருக்கலாம் என்று நினைத்திருக்கிறார்கள்!

இத்தனைக்கும் இந்த மைதானத்தில் உட்காருவதற்கு நம் முன்னோர் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்! வெள்ளைக்காரர்களுடைய கிளப்பு 1865-லேயே சேப்பாக்கத்தில் வேரூன்றிவிட்டது. அங்கே ஆட வந்த இந்தியர்களுக்குக் கொட்டகையில் இடமில்லை; மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அந்த அவமானம் பொறுக்காமல் 1888-ல் புச்சி பாபு நாயுடு, மதராஸ் யுனைட்டெட் கிளப்பை ஆரம்பித்தார். தம் கைப் பணத்தைச் செலவழித்து நம் பையன்களுக்கு மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்து, வெள்ளைக்காரரைச் சரிசமானமாக எதிர்க்கும்படி செய்தார். பின்னால் பொங்கல் தோறும் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் நடந்த பந்தயத்துக்குப் பட்டணமே திரண்டு வந்தது. கொட்டகையில் இடம் கிடையாதென்ற காலத்தில் ஜனங்கள் முட்டி மோதிக் கொண்டு வந்தார்கள். இன்று ரஞ்சி ஆட்டத்துக்குப் பெரும்பாலும் டிக்கெட்டுக் கூடக் கிடையாது. எந்த நாற்காலியில் வேண்டுமானாலும் உட்காரலாம், காலை நீட்டிப் படுக்கவும் செய்யலாம். காக்கைகள்தான் ஒழுங்காக வருகின்றன.

நாற்காலி காலியாக இருந்தால் ஆட்டக்காரருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நான் பல முறை போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் பிற்பகல், வெயில் மண்டையைப் பிளக்கிறது, எதிர்க் கட்சிக்காரர் அசையாமல் நிற்கிறார், பந்து பழசாகிவிட்டது. அந்த நேரத்தில் ஆயிரம் பேர் கை தட்டினால் பந்து போடுகிறவன் இன்னும் ஒரு முழம் வேகமாக ஓடி வருவான். யாருமே இல்லாத மைதானத்தில் அவனுக்கு எதற்காக அந்த ஒரு முழம்? அடுத்த மாதம் ஐ.பி.எல். ஏலம் இருக்கிறது, உடம்பைப் பத்திரமாக வைத்துக் கொள்வோம் என்று நினைத்தால் அவனைக் குற்றம் சொல்வதற்கு நமக்கு வாய் ஏது?

இவ்வளவு புலம்புகிறவன் ஏன் இன்னும் விடாமல் பார்க்கிறான் என்றால், நம்பிக்கை வந்து கொண்டேயிருக்கிறது. அதுவும் எதிர்பாராத திசையிலிருந்து. சேலம் ஜில்லாவில் சின்னப்பம்பட்டி என்ற ஊர். அங்கே டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய நடராஜன் என்ற பையன் 2015-ல் தமிழ் நாட்டுக்கு முதல் ரஞ்சி ஆட்டம் ஆடினான். கை வளைக்கும் விதம் சந்தேகத்துக்கு இடமானது என்று புகார் வந்தது. வேறொருவனாயிருந்தால் ஊருக்குத் திரும்பியிருப்பான். இவன் பழக்கத்தையே மாற்றிக் கற்றுக் கொண்டு திரும்பி வந்தான். 2016-ல் ஆரம்பித்த டி.என்.பி.எல். பந்தயத்தில் பெயர் எடுத்தான். 2020 கடைசியில் பயிற்சிப் பந்து போடுவதற்கென்று ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே ஒவ்வொருவராகக் காயம்பட, ஐம்பது ஓவர், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் அந்த ஒரே யாத்திரையில் இந்தியாவுக்கு ஆடிவிட்டான். பிரிஸ்பேனில் சரித்திரப் பிரசித்தி பெற்ற அந்த ஜயத்திலும் அவன் இருந்தான். அவன் என்று எழுதுகிறேன். ஸ்ரீ நடராஜன் என்றுதான் எழுத வேண்டும். வாத்தியார் வாய், வரவில்லை. 2023-ல் தம் கிராமத்திலேயே ஒரு மைதானம் அமைத்துத் திறந்து வைத்தார். அவர் போடுவது சுழல் பந்து அல்ல, வேகப் பந்து என்பதைக் கவனியுங்கள்.

முன்பெல்லாம் தமிழ் நாட்டுக் கோஷ்டி என்றால் மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் மாம்பலமும் என்று அர்த்தம். இப்போது கோவையிலும் சேலத்திலும் திண்டுக்கல்லுக்கு அருகே நத்தத்திலும் ரஞ்சி ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. இந்த ஊர்களுக்கு ஆட்டம் போகும்போது சேப்பாக்கத்தை விடக் கூடுதலாகவே ஜனங்கள் எட்டிப் பார்க்கிறார்கள். கிரிக்கெட் சங்கத்தாருக்கு என் விண்ணப்பம் இவ்வளவுதான். தஞ்சாவூருக்கும் நெல்லைக்கும் காரைக்குடிக்கும் ஆட்டத்தைக் கொண்டு போவதற்கு மைதானம் தயார் செய்யுங்கள். அந்தந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு நாள் முன்னதாக ஒரு கடிதாசு போடுங்கள். வாத்தியார்கள் நாங்கள் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து விடுகிறோம். நிழலும் குடி தண்ணீரும் மட்டும் இருக்கட்டும். மட்டை பிடிப்பவர் பெயரை அறிவிக்க ஒரு ஒலிபெருக்கி இருந்தால் நல்லது. நாற்பது பிள்ளைகளில் ஒருவனுக்காவது காப்டன் பெயர் தெரிந்துவிடும். இரண்டு மைதானமாவது புல் வளர்ந்து இருக்கட்டும். வேகப் பந்தைக் கண்டு பயப்படாமல் ஆடப் பழகட்டும். இதற்கெல்லாம் கோடிக் கணக்கில் செலவாகாது.

பத்திரிகைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தோனியின் முழங்காலைப் பற்றி அரைப் பக்கம் எழுதுகிறீர்கள், எழுதுங்கள். பக்கத்தில் ரஞ்சி ஆட்டத்தின் முழு ரன் பட்டியலையும் நான்கு அங்குலத்தில் போடுங்கள். பொடி எழுத்தாயிருந்தாலும் பாதகமில்லை. கண்ணாடி வைத்துக் கொண்டிருக்கிறோம்.

கும்பகோணத்து அம்மாளுக்கு என் பதில் இதுதான்: மஞ்சள் சட்டைக்காரர்கள் எழுந்து விடுவார்கள். அவர்களுக்கு ஏலம் இருக்கிறது, வேண்டிய ஆளை வாங்கிக் கொள்ளலாம். நம் ரஞ்சிக் கோஷ்டிக்கு வாங்குகிற வழக்கம் இல்லை. பெற்று வளர்த்த பிள்ளைகளை வைத்துத்தான் காரியம் நடக்க வேண்டும். தங்கள் பிள்ளைகளுக்கு ஆட்டத்தில் அவ்வளவு ஈடுபாடு இருக்கிறபடியால், அக்டோபர் மாதத்தில் ரஞ்சி ஆட்டங்கள் ஆரம்பிக்கும்போது ஒரு தடவை பக்கத்தில் நடக்கும் ஊருக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். சென்னைக்கு வருவதாயிருந்தால் எனக்கு எழுதுங்கள். நான் பெவிலியனுக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருப்பேன், கண்டுபிடிப்பதில் சிரமம் இராது. ஒரு குடை மட்டும் மறக்க வேண்டாம். ஐப்பசி அடைமழையில் நம் மைதானத்து ஆட்டங்கள் பாதி மூழ்கிப் போகின்றன. முழு ஜயத்துக்கு 6 பாயிண்டு வர வேண்டிய இடத்தில் 1 பாயிண்டோடு எழுந்து வருகிறோம். மழை விட்டதும் சாக்குப் போட்டுத் தண்ணீரை உறிஞ்சி எடுப்பார்கள். நாலரை மணிக்கு ஆட்டம் தொடங்கினாலும் தொடங்கும்.